நாப்பத்தியொரு மூடி

அந்தப் பையைக் கொஞ்சம் உங்க காலுக்குக் கீழ வச்சுக்கறீங்களா தம்பி? மடியில வச்சா தொடை வலிக்குது. ரெண்டரைக் கிலோங்க. குண்டு கிண்டு ஒன்னும் இல்லீங்க, பம்ப்பு மூடி. பம்ப்புக்குள்ள தண்ணி சுத்துமில்ல, அதுக்கு மேல போட்டு முடுக்கற இரும்பு மூடி. நான் அரசூர்ல எறங்கற வரைக்கும் காலுக்கு அண்டக் குடுத்து வச்சுக்கங்க, உருண்டு போயிராம.

மணி என்னங்க ஆச்சு? பத்தேகாலா. பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. லட்சுமி மில்லைத் தாண்டறதுக்கே பஸ்சு இந்தப் பாடு படுது. நீங்க எங்க எறங்கறீங்க? நீலாம்பூர்ங்களா. ஆசுபத்திரியில லேப்பா? ரத்தம் எடுத்துப் பாக்கறது. சரி சரி. அப்ப உங்களுக்கு இரும்பு கிரும்பு புரியாது, பரவால்ல, புரியற மாதிரியே சொல்றேன். பேசாம உக்காந்துட்டு வந்தா எனக்குக் கை காலெல்லாம் பரபரங்குது. ஏழு மாசமா வீட்டுல உக்காந்திருக்கறவன் நானு. சம்சாரம் வெடியால எந்திரிச்சதும் எங்கியாச்சும் போயிட்டு வாங்கன்னு தாட்டி விட்டுருவா. எங்க போறது? டீக்கடையில எத்தன நேரம் நிக்கறது?

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கணபதியில ஒரு வார்ப்படப் பட்டறை. பேரு வேண்டாம் விடுங்க, சோறு போட்ட எடம். அங்க இருபத்தாறு வருசம். அதுல கடைசி இருபது வருசம் சூப்பர்வைசர். இரும்பை உருக்கி மண்ணு அச்சுல ஊத்தி, ஆறுனதும் ஒடச்சு எடுக்கறதுதான் சோலி. நல்லா வந்தா லோடு போகும். ஓட்டை கீட்டை விழுந்துச்சுன்னா திரும்பவும் உலையில போட்டு உருக்கிருவோம். நம்ம தொழில்ல அது ஒரு சௌகரியமுங்க. தையக்காரன் துணியை வெட்டிக் கெடுத்தா கெடுத்ததுதான். நமக்கு அப்படியில்ல. என்ற பட்டறையில சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பாருங்க, கெட்ட மூடின்னு ஒன்னு கண்ணுல படாது. அன்னிக்கு விழுந்த கழிவை அன்னிக்கே உலைக்குத் தள்ளிருவேன். இருபது வருசமா அதை ஒரு நாளும் விட்டதில்ல. மொதலாளி தெய்வசிகாமணி ஐயா வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு, நாச்சிமுத்து இருக்கற எடத்துல தரை கூட மூஞ்சி பாக்கற மாதிரி இருக்கும்னு.

இப்படி இருந்த பட்டறைக்குத்தான் அந்தக் கொரியாக்காரர் வந்து சேர்ந்தாரு.

விசயம் என்னன்னா, கொரியாவுல ஒரு பம்ப்புக் கம்பெனிக்கு மாசம் பத்தாயிரம் மூடி வேணும். இதுக்கு முன்னால வியட்நாம்ல வாங்கிட்டு இருந்தாங்களாம். இங்க வாங்கலாம்னு ரெண்டு பட்டறையைப் பாத்து வச்சிருந்தாங்க. ஒன்னு நாங்க. இன்னொன்னு அரசூர்ல, எங்களைவிடச் சின்னது, புதுசு. ஆறு மாசம் ரெண்டு பேரும் செஞ்சு காட்டணும், அவங்க ஆளு வந்து சொல்லிக் குடுப்பாரு, கடைசியில ஒருத்தருக்குத்தான் ஆர்டரு. மொதலாளி எங்களை எல்லாம் நிக்க வச்சு, இது கெடச்சா ரெண்டாவது உலை போடறேன், இல்லேன்னா உள்ளூர் பம்ப்புக்காரனுக்கே ஊத்திட்டு ஒவ்வொரு வருசமும் ஆளைக் கொறைக்க வேண்டியதுதான்னு தெளிவாச் சொல்லிட்டாரு. அறுபது குடும்பமுங்க. எனக்கு அன்னிக்கிருந்தே தூக்கம் போச்சு.

அந்தக் கொரியாக்காரரு பேரு யூன். எழுவது வயசு இருக்கும். நம்மூரு வெய்யில்ல தொப்பியைக் கழட்டாம நிப்பாரு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா புதன்கிழமை எங்ககிட்ட, வியாழக்கிழமை அரசூர்ல. கூடவே பேச்சு மாத்திச் சொல்றதுக்கு மெட்ராசுல இருந்து ஒரு அம்மிணி. கொரியன் சீரியல் பாத்தே பாதி படிச்சுதாம், மீதியை கிளாசுக்குப் போயி. நல்ல புள்ள, காரம் மட்டும் ஆகாது.

மொத நாளு வந்த மனுசன் என்ன கேட்டாருங்கறீங்க? நான் நல்ல மூடியா இருபது எடுத்துத் தொடச்சு, வெள்ளைத் துணி விரிச்சு அடுக்கி வச்சிருக்கேன். திரும்பிக்கூடப் பாக்கல. கெட்டது எங்கன்னு கேட்டாரு. கெட்டதே இல்லைன்னேன். அந்தப் புள்ள மாத்திச் சொல்லுச்சு. அவரு சிரிச்சுட்டு, நேத்து விழுந்தது எங்கன்னாரு. நேத்தே உருக்கிட்டேன்னு பெருமையாச் சொன்னேன். அவரு அந்தப் புள்ளகிட்ட ஏதோ சொன்னாரு, அது எங்கிட்ட சொல்லல.

அப்பறம் ஒரு வேலை சொன்னாரு பாருங்க. வாசல்ல, ஆளுங்க உள்ள வர்ற எடத்துல, ஒரு மேசை போடணுமாம். அன்னன்னிக்குக் கெட்டதை எல்லாம் அதுமேல வைக்கணுமாம். தேதி எழுதி வைக்கணுமாம். உருக்கவே கூடாதாம், அவரு வந்து பாக்கற வரைக்கும். ஏனுங்க, நம்ம வீட்டுக்கு ஒறம்பரை வர்றாங்கன்னா வாசல்ல கோலம் போடுவோமா, குப்பைக் கூடையைக் கொண்டாந்து வைப்போமா? நீங்களே சொல்லுங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. லோடு ஏத்த வர்ற டிரைவரெல்லாம் பாத்துட்டுப் போவான்.

சரி, மொதலாளி சொல்லிட்டாரு, மேசை போட்டேன். நல்ல மேசைதான், பெயிண்டெல்லாம் அடிச்சு. அதுமேல பாத்தா அசிங்கமாத் தெரியாத மாதிரி மூணு மூடியை வச்சேன். ஓரத்துல சின்ன நெளிசல், அவ்வளவுதான். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தேதிச் சீட்டை மட்டும் மாத்தி வைப்பேன். மத்ததெல்லாம் எப்பவும் போல உலைக்கு. நாலாவது தடவை வந்தப்ப அவரு அந்த மேசைகிட்ட ரொம்ப நேரம் நின்னாரு. அந்தப் புள்ளகிட்ட ஏதோ சொன்னாரு. அது எங்கிட்ட வந்து, "சார் கேக்கறாரு, இந்த மூணு பேரும் சௌக்கியமான்னு" அப்படீன்னுச்சு. நானும் சௌக்கியமுங்கன்னு சொல்லிட்டேன். தமாசான மனுசன்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

பீளமேடு வந்துருச்சுங்களா? இல்லியா. பை நகராம இருக்குதுங்களா? கொஞ்சம் பாத்துக்கங்க.

அவரு கொண்டாந்த இன்னொன்னு, எல்லாத்தையும் எழுதறது. மண்ணு கலக்கறது இருக்குது பாருங்க, அச்சுக்கு மண்ணு ஈரமா இருந்தாத்தான் புடிச்சு நிக்கும். எங்க ஆளுங்க ஒரு பிடி அள்ளிக் கையில அமுக்கிப் பாப்பாங்க. ஒடச்சா எப்படி ஒடையுதுன்னு பாத்து, தண்ணி வேணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்குவாங்க. அத்தன வருசமா அப்படித்தான் ஓடுச்சு. இவரு வந்து, கை வேண்டாம், ஆளுக்கு ஆளு கை மாறும்னுட்டாரு. ஒரு தடவை மண்ணு போட்டா ரெண்டு பக்கெட் தண்ணி, அதுக்கு மேல ஒரு சொம்பு கூடக் கூடாதுன்னு செவுத்துல சிவப்பு பெயிண்ட்டுல எழுதி வச்சாங்க. தண்ணி அதிகமானா என்ன ஆகும்னு அந்தப் புள்ள அரை மணி நேரம் வெளக்குச்சு. கொதிக்கற இரும்பு ஈர மண்ணுல பட்டா தண்ணி ஆவியாகுமாம், ஆவி போறதுக்கு எடமில்லாம இரும்புக்குள்ள பூந்து ஓட்டை போடுமாம். ஆவியைப் பத்தி எனக்கே பாடம். இட்லி வேகறதைப் பாக்காதவன் பாருங்க நானு.

ஒவ்வொருத்தனும் வெடிஞ்சதுல இருந்து என்னென்ன வேலை செய்யறோம்னு ஒன்னு விடாம எழுதிக் குடுக்கணும்னாரு. நானும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். என்ற கையெழுத்து நல்லா இருக்கும்.

இங்கதான் வசந்தாமணி வருது. வசந்தாமணி எங்க பட்டறையில செக்கிங். சூலூர்ப் பக்கம். டிப்ளமா படிச்ச புள்ள, வீட்டுக்காரரு வேன் ஓட்டறாரு. என்னை அண்ணான்னுதான் கூப்புடும். நானும் கூடப் பொறந்ததாட்டந்தான் பாத்துக்கிட்டேன், பொய் சொல்லல. மழை வந்தா சீக்கிரம் வீட்டுக்குத் தாட்டி விட்டுருவேன். அந்தப் புள்ளைக்கு ஒரு குணம், எதையும் விட மாட்டா. யூன் சொன்னதை எல்லாம் நோட்டுப் போட்டு எழுதிக்குவா. அவரு வந்தா நம்மளை விட்டுட்டு அவகிட்டத்தான் பேசுவாரு.

அவரு வந்து ரெண்டு மாசத்துல கழிவு பாதியாக் கொறஞ்சுது. நெசம்தானுங்க, அதை மறைக்கக் கூடாது. ஆனா புதுசா ஒரு ஓட்டை வர ஆரம்பிச்சுது. விளிம்புக்குக் கீழ, பட்டாணி அளவுக்கு. மேல இருந்து பாத்தா தெரியாது, சாய்ச்சுப் பாத்தாத்தான் தெரியும். இத்தன வருசத்துல நான் பாக்காத ஓட்டை. நான் மொதலாளிகிட்ட நேராவே சொன்னேன், இந்தாளு வந்துதான் இந்த ஓட்டை வந்துச்சு, எங்க கையில இருந்தப்ப இது இல்லைன்னு. அவரு பொறு நாச்சிமுத்துன்னாரு.

ஒரு நாள் வசந்தாமணி எங்கிட்ட வந்து நின்னா. ஏனுங்ணா, திங்கக்கிழமை மட்டும் நாம வித்தியாசமா ஏதாச்சும் பண்றமான்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னுச்சு. என்ற பட்டறையில ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வேலை நடக்குதுன்னு சொல்றாப்பல இருந்துச்சு. ஒன்னுமில்ல போ, ஞாயித்துக்கிழமை சோம்பலோட வர்றானுங்க, அவ்வளவுதான்னு அனுப்பிட்டேன்.

சோம்பல்னா நெசமான சோம்பலுங்க. ஞாயித்துக்கிழமை லீவு. நம்ம ஆளுங்க திங்கக்கிழமை எப்படி வருவானுங்கன்னு உங்களுக்குத் தெரியாததா. கண்ணு செவந்து, தலையைப் புடிச்சுட்டு. மண்ணு வேற ஒரு நாள் பூராக் காஞ்சு புழுதியாக் கெடக்கும். அதைக் கலக்கறதுக்குள்ள பாவம் இடுப்பு ஒடஞ்சு போகும். அதனால நான் திங்கக்கிழமை மட்டும் வெடியால ஆறு மணிக்கே போயிருவேன். வாச்மேன் கதவைத் திறந்து விட்டுட்டு டீக்குப் போவான். நானே ஓஸ் பைப்பு புடிச்சு மண்ணுக்குத் தாராளமாத் தண்ணி விட்டு, ஒருக்காப் பெரட்டி விட்டுட்டு, பைப்பைச் சுருட்டி வச்சுட்டு வந்து, ஒன்னும் தெரியாதவனாட்டம் பொட்டாட்ட உக்காந்துக்குவேன். எட்டு மணிக்கு வர்றவனுக்கு மண்ணு பக்குவமா இருக்கும், சிரமமில்லாம வேலை ஆகும். இருபது வருசமா ஒருத்தனுக்கும் தெரியாது. செஞ்சதைச் சொல்லிக்காட்டறது என்ற வழக்கமில்ல. இன்னிக்கு உங்ககிட்டத்தான் சொல்றேன், அதுவும் பேச்சு வாக்குல வந்துருச்சு.

ஹோப்ஸ் ஸ்டாப்பா இது? பாலம் கட்றேன் பாலம் கட்றேன்னு எத்தன வருசமுங்க. நடந்தே போயிருக்கலாம். மணி பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், கன்டெய்னர். அஞ்சாவது மாசம் மொத லோடு போச்சு. தூத்துக்குடி போயி, கப்பல் ஏறி, அங்க போயி எறங்குச்சு. பூசணிக்காய் சுத்தித்தான் லாரியை அனுப்புனோம். ஒரு மாசம் கழிச்சு மெயில் வருது. அங்க ஒவ்வொரு மூடியையும் தண்ணி அடிச்சு அழுத்தம் குடுத்துப் பாக்கறாங்களாம், நூத்துக்கு மூணு ஒழுகுதாம். வெளிய தெரியாத ஓட்டை உள்ள இருந்திருக்குது. ஆனா அவங்க ஒடனே வேண்டாம்னு சொல்லல, அதையும் சொல்லிரணும். யூன் வருவாரு, கூட எங்க கம்பெனி அதிகாரி ஒருத்தரு வருவாரு, இது எப்ப இருந்து வருது, எதனால வருதுன்னு நீங்க காட்டிட்டீங்கன்னா ஆர்டரு உங்களுக்குத்தான்னு எழுதியிருந்தாங்க. ஓட்டை விழுந்தது தப்பில்லையாம், ஏன் விழுந்துச்சுன்னு தெரியணுமாம். இதென்ன நாயமோ.

புதன்கிழமை வர்றாங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் பட்டறையைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சேன். மூலை முடுக்கு ஒன்னு விடாம. அச்சு எடுக்கற மரக்கட்டையெல்லாம் அடுக்கற ராக்குக்குப் பின்னால பாத்தா மூணு சாக்கு. தூக்கிப் பாத்தா கனம். அவுத்தா, மூடிங்க. எண்ணுனேன், நாப்பத்தியொன்னு. எல்லாத்துலயும் அந்தப் பட்டாணி ஓட்டை. ஒவ்வொன்னையும் ஒரு காலண்டர் தாளுல சுத்தி, நூலு போட்டுக் கட்டி. தெனமும் கிழிக்கற காலண்டர் இருக்குதில்ல, ஆபீசுல கிழிச்சுப் போடறதை எடுத்து வச்சிருக்கா. ராசி பலனெல்லாம் போட்டு, பெரிய எழுத்துல கிழமை போட்டு. எல்லாம் திங்கக்கிழமைத் தாளு. வசந்தாமணி வேலைதான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது.

எனக்கு வந்த வெசனம் இருக்குதே தம்பி. நாளைக்குக் கொரியாக்காரங்க வர்ற நேரம், நாப்பத்தியொரு கெட்ட மூடி பட்டறைக்குள்ள. அந்தப் புள்ள இதை ஒளிச்சு வச்சிருந்தான்னு தெரிஞ்சா அவ வேலைக்கே உலை வச்சிருவாங்க. நல்லவேளை என்ற கண்ணுல பட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். அவ அன்னிக்கு வெளிய லேப்புக்கு சாம்பிள் குடுக்கப் போயிருந்தா. மூணு மணி உருக்குக்கு நானே ஒவ்வொன்னாத் தாளைப் பிரிச்சு உலையில போட்டேன். தாளையும் சேத்துப் போட்டுட்டேன். வசந்தாமணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நாளைக்கு ஏன்ணா எடுத்தீங்கன்னு கேட்டா, உன்னைக் காப்பாத்தத்தான்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

புதன்கிழமை பட்டறை கண்ணாடியாட்டம் இருந்துச்சு. யூன் வந்தாரு. கூட வந்த அந்தப் பெரிய அதிகாரி, மொதலாளி, நாங்க எல்லாம் வட்டமா நிக்கறோம். எப்ப இருந்து வருதுன்னு யூன் கேட்டாரு. அப்ப வசந்தாமணி முன்னால வந்து, நான் காட்டறேங்கன்னா. மூஞ்சி அப்படி இருந்துச்சுங்க, பரீட்சையில மார்க்கு வாங்குன புள்ளையாட்டம். நேரா ராக்குக்குப் பின்னால போனா. போனவ வரல.

நானே சத்தமாச் சொன்னேன். கழிவெல்லாம் நேத்தே உருக்கியாச்சுங்க, எங்க பட்டறையில கெட்டது தங்காதுன்னு. மாத்திச் சொல்ற புள்ள அதைச் சொல்றதுக்குக் கொஞ்ச நேரம் எடுத்துச்சு. யூன் நோட்டை மூடுனாரு. எல்லாருக்கும் கை குடுத்தாரு. எனக்கு மட்டும் ரெண்டு கையாலயும் புடிச்சு ரொம்ப நேரம் குடுத்தாரு. என்ன இருந்தாலும் அனுபவத்துக்கு ஒரு மரியாதை வச்சிருக்கற மனுசன்.

வசந்தாமணி அப்பறம்தான் வெளிய வந்தா. கையில ஒரு தாளு. ஒன்னு கீழ விழுந்து தப்பிச்சிருக்குது போல. அழுவான்னு பாத்தேன், அழுவல. "ஏனுங்ணா, அதுலதானுங்ணா பதில் இருந்துச்சு" அப்படீன்னா. அவ்வளவுதான். நான் அவளுக்காகத்தான் பண்ணுனேன்னு சொல்ல வாயெடுத்தேன், கேக்கறதுக்கு அவ நிக்கல.

ஆர்டரு அரசூருக்குப் போயிருச்சு. மாசம் திரும்பறதுக்குள்ள வசந்தாமணியும் அரசூருக்குப் போயிட்டா. எங்க வீட்டு விசயம் பூராத்தையும் தூக்கிட்டு எதிர் வீட்டுக்குப் போறது நாயமுங்களா? அவளுக்கு என்ன கொறை வச்சேன்? இன்னிக்கு அங்க அவதான் தரம் பாக்கறதுக்கெல்லாம் மேல. ரெண்டாவது உலை அவங்க போட்டுட்டாங்க. எங்க பட்டறையில ஒரு ஷிப்ட்டை நிறுத்திட்டாங்க. மொதலாளி என்னைக் கூப்புட்டு, கொஞ்ச நாள் வீட்டுல இருங்க நாச்சிமுத்து, ஆளு வேணும்னா சொல்லி அனுப்பறேன்னாரு. ஏழு மாசமாச்சு. இன்னும் சொல்லி அனுப்பல.

சின்னியம்பாளையம். பரவால்ல, இனி வேகமாப் போயிருவான்.

போன வாரம் ஒரு போனு. வசந்தாமணி. எடுக்கலாமா வேண்டாமான்னு பாத்துட்டே எடுத்துட்டேன். சூப்பர்வைசர் வேலை இருக்குதுங்ணா, வாங்க, நான் சொல்லி வச்சிருக்கேன்னா. ஐம்பத்திநாலு வயசுல எவன் கூப்பிடுவான்? ரோசம் பாத்தா முடியுமா. வர்றேன் அம்மிணின்னேன். அதுக்கப்பறம் ஒன்னு சொன்னா. அங்க புதுசா யாரு சேர்ந்தாலும், தான் கெடுத்த பொருள் ஒன்னைக் கொண்டுட்டு வரணுமாம். அதை எப்படிக் கெடுத்தேன்னு எல்லாரு முன்னாலயும் அஞ்சு நிமிசம் சொல்லணுமாம். அப்பறம் அதை வாசல் மேசையில வைப்பாங்களாம். யூன் பழக்கி விட்டது. நாலு மேசை போட்டிருக்காங்களாம், ஆளுங்க சாமி கும்பிடறாப்பல நின்னு பாத்துட்டுத்தான் உள்ள போவாங்களாம்.

என்னைக் குத்தறதுக்குச் சொல்றாளான்னு மொதல்ல கோவம் வந்துச்சு. அப்பறம் வீடு பூராத் தேடுனேன். இருபத்தாறு வருசம் ஊத்துனவன் வீட்டுல கெட்டதுன்னு ஒன்னு கெடைக்கல. எப்படிக் கெடைக்கும்? ஒன்னைக்கூட விட்டு வைக்கலையே. பட்டறைக்குப் போயிக் கேக்கறதுக்கும் மானமாப் போச்சு. டிவிக்குப் பக்கத்துல ஒரு மூடி இருக்குது. கன்டெய்னர் போன அன்னிக்கு, நல்லதுலயும் நல்லதாப் பாத்து மொதலாளி எனக்கு மாலை போட்டுக் குடுத்தது. சம்சாரம் வெள்ளிக்கிழமை அதுக்கும் சேத்துப் பொட்டு வைப்பா. அதை எடுத்துட்டுப் போயி, பக்கத்துத் தெரு லேத்துப் பட்டறையில, விளிம்புக்குக் கீழ ஒரு ஓட்டை போட்டேன். பட்டாணி அளவு.

ஆமாங்க. நானேதான். என்ன பண்றது, கேக்கறாங்களே.

எடுங்க, பையை எடுங்க, காட்டறேன். பாத்தீங்களா? உள்ள விட்டுப் பாருங்க விரலை. வரி வரியா இருக்குதில்ல, அது டிரில்லோட வரி. நெசமான ஓட்டை இப்படி இருக்காதுங்க. வழவழன்னு, உருண்டையா, உள்ள போகப் போக அகலமா இருக்கும். வெளிய சின்ன வாய், உள்ள பெரிய வயிறு. தாளைப் பிரிச்சப்ப நாப்பத்தியொன்னையும் தடவிப் பாத்துத்தான் போட்டேன், விரலுக்கு இன்னும் தெரியுது. உப்புக் காயிதம் போட்டு தேச்சிருக்கேன், போதுமான்னு தெரியல. வசந்தாமணி கண்ணு பொல்லாதது.

இன்னொரு வேலை பாக்கி இருக்குது. மார்க்கர் வாங்கி வச்சிருக்கேன். தேதி எழுதணும். உங்க போனுல போன வருசத்துக் காலண்டர் வருமுங்களா? ஒரு திங்கக்கிழமையாப் பாத்துச் சொல்லுங்க. ஏன் திங்கக்கிழமைன்னா, அவ வச்சிருந்தது எல்லாம் திங்கக்கிழமைதானே. அப்பத்தான் நம்புவா.

என்னங்க கேட்டீங்க?

திங்கக்கிழமை மண்ணுக்குத் தண்ணி விட்டது யாரா? நான்தானுங்க. இப்பத்தானே சொன்னேன். ஆறு மணிக்கே போயி.

அது எப்பவும் விடறதுதானுங்க. இருபது வருசமா விடறேன், இருபது வருசமா ஓட்டை விழுந்துச்சா? விழுகல. எப்படி விழும்? எட்டு மணிக்கு வர்றவன் ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பாப்பான், ஈரம் போதும்னா மேல ஊத்த மாட்டான். கையிலயே தெரியுமில்ல அவனுக்கு. அந்தக் கொரியாக்காரரு வந்தப்பறம்தானே கையை விட்டுட்டு, வந்ததும் வராததுமா ரெண்டு பக்கெட்டை எடுத்து...

ரெண்டு பக்கெட்டு. செவுத்துல எழுதியிருந்துச்சே. நான் விட்டதுக்கு மேல ரெண்டு பக்கெட்டு.

இருங்க தம்பி, மார்க்கரை உள்ள வச்சர்றேன்.

எழுதச் சொன்னாருங்க அவரு. ஒன்னு விடாம எழுதச் சொன்னாரு. ரெண்டு பக்கம் எழுதுனேன். விளக்கு போட்டது, ஊதுபத்தி பத்த வச்சது வரைக்கும் எழுதுனேன். இதை எழுதல. இதெல்லாம் ஒரு வேலையான்னு. ஒரு உதவி, அவ்வளவுதானே. வசந்தாமணி வந்து எங்கிட்டத்தானே கேட்டா. திங்கக்கிழமை என்னங்ணா பண்றோம்னு மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டா. ஒன்னுமில்ல போன்னேன்.

அறுபது குடும்பமுங்க.

நீங்க லேப்புல கெட்ட ரத்தம் வந்தா என்ன பண்ணுவீங்க? கொட்டிருவீங்களா? இல்ல. வச்சிருந்துதான் பாப்பீங்க. சரி. சரிங்க.

நீலாம்பூர் தாண்டிருச்சே, உங்க ஸ்டாப்பிங் போயிருச்சே தம்பி. என்னால உங்களுக்கும் நேரமாயிருச்சு. அரசூர்ல எறங்கி எதுத்தாப்பல நின்னீங்கன்னா ஒடனே பஸ்சு வரும். மணி பத்து அம்பதா. இருக்குது, நேரம் இருக்குது. கண்டக்டரு, அரசூர் ரெண்டு பேரு எறங்கணுங்க.

வழி விடுங்க. போயிச் சொல்லிரணும், உள்ள போனதும் மொதல்ல அதைச் சொல்லிரணும். வேலை குடுக்கறதும் குடுக்காததும் அப்பறம்.

இல்லீங்க, மறக்கல. பையை வேணும்னுதான் விட்டுட்டுப் போறேன். நீங்களே வச்சுக்கங்க. அது நல்ல மூடிங்க தம்பி. ஓட்டை போட்டது நானு.